ஒரே ஆசிரியர், இரண்டு தலைப்புகள்: நூற்பட்டியல் விதி மாறும்போது பெயர்களை எப்படிப் பொருத்துகிறார்கள்?

நூலகக் கணினியில் ஓர் ஆசிரியரைத் தேடும்போது, அவருடைய நூல்களில் பாதி ஒரு பெயரின் கீழும் மீதி சற்றே வேறுபட்ட இன்னொரு பெயரின் கீழும் வருவதைப் பலர் பார்த்திருப்பார்கள். தட்டச்சுப் பிழை என்று எண்ணி நகர்ந்துவிடுவது வழக்கம். சில இடங்களில் அது பிழைதான். ஆனால் பல இடங்களில் இரண்டு வடிவங்களும் அவை எழுதப்பட்ட காலத்து விதிப்படி சரியானவை. நடுவில் விதி மாறியிருக்கிறது. பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒன்றுசேர்க்கும் வேலை முடியாமல் நின்றிருக்கிறது.

விதி மாற்றம் என்றவுடன் புதிய விதி நல்லதா, பழையது நல்லதா என்ற விவாதமே முன்னால் வருகிறது. விதி சொல்வது ஒரு பெயரை எப்படி எழுதுவது என்பதை மட்டுமே. அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்பதை அது சொல்வதில்லை. பட்டியலாக்குநர்களின் உழைப்பில் பெரும்பகுதியை விழுங்குவது இந்த இரண்டாவது கேள்விதான்.

அடிப்படைச் சொற்கள்

ஒரு நூலின் முகப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் எப்படி அச்சிடப்பட்டிருந்தாலும், நூலகம் அவருக்கென ஒரே வடிவத்தைத் தேர்ந்து அதன் கீழ் அவருடைய எல்லா நூல்களையும் திரட்டுகிறது. இந்த வடிவமே பெயர்த் தலைப்பு. தெரிந்த ஆசிரியரின் நூலைக் கண்டெடுக்கவும், அந்த ஆசிரியரின் நூல்களில் எவையெல்லாம் நூலகத்தில் உள்ளன என்று அறியவும் பட்டியல் உதவ வேண்டும் என்று அமெரிக்க நூலகர் சார்லஸ் அம்மி கட்டர் 1876இல் வகுத்த நோக்கங்களிலிருந்தே இந்தப் பழக்கம் உறுதிப்பட்டது.

தேர்ந்த வடிவத்தையும், தேர்ந்தெடுக்கப்படாத பிற வடிவங்களையும், எந்த ஆதாரத்தைப் பார்த்து முடிவு செய்யப்பட்டது என்ற குறிப்பையும் ஒரே இடத்தில் எழுதி வைப்பது அதாரிட்டி பதிவு. இப்பதிவுகளின் தொகுப்பு அதாரிட்டி கோப்பு. தேர்ந்தெடுக்கப்படாத வடிவத்தில் தேடி வருபவரைச் சரியான இடத்துக்கு அனுப்புவது ‘காண்க’ குறிப்பு.

நூற்பதிவு வேறு, அதாரிட்டி பதிவு வேறு என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். பெரும்பாலான நூலகங்களில் நூற்பதிவு, ஆசிரியரைத் தலைப்பின் எழுத்துகளாலேயே சுட்டுகிறது. ஆகவே அதாரிட்டி பதிவில் வடிவத்தை மாற்றினால் மட்டும் போதாது. அந்த எழுத்துகளைத் தாங்கிய ஒவ்வொரு நூற்பதிவும் மாற வேண்டும்.

ஒரு பெயரை அருகிலிருந்து பார்ப்போம்

நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதனின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். முழுப்பெயரை விரித்தெழுதும் பழைய முறையில் அவருடைய தலைப்பு ‘ரங்கநாதன், சியாளி ராமாமிர்த, 1892-’ என்ற வகையில் அமையும். ஆசிரியர் பரவலாக அறியப்பட்ட வடிவத்துக்கே முதலிடம் என்ற பிந்தைய விதியில் அதுவே ‘ரங்கநாதன், எஸ். ஆர். (சியாளி ராமாமிர்த), 1892-1972’ ஆனது.

இதில் சியாளி என்பது அவர் பிறந்த சீர்காழியின் பழைய ஆங்கில எழுத்து வடிவம். ராமாமிர்தம் தந்தை பெயர். ரங்கநாதன் அவருடைய சொந்தப் பெயர். மேலைநாட்டு வழக்கில் காற்புள்ளிக்கு முன்னால் நிற்பது குடும்பப்பெயர். இங்கே மூன்று கூறுகளில் ஒன்றுகூடக் குடும்பப்பெயர் அல்ல. ஆங்கிலோ-அமெரிக்க நூற்பட்டியல் விதிகளின் இரண்டாம் பதிப்பு இதை அறிந்திருந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளப் பெயர்களில் குடும்பப்பெயர் இல்லாதபோது சொந்தப் பெயரையே முதலில் வைக்க வேண்டும் என்று அதன் 22.25ஆம் விதி கூறியது. பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயரும் சில வேளைகளில் தந்தை பெயரும் வரும், பின்னால் சாதிப்பெயர் வரலாம் என்பதையும் அவ்விதி விளக்கியது.

மேலே காட்டிய இரண்டு வடிவங்களும் ஒரே மனிதரைச் சுட்டுகின்றன என்பது படிப்பவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். இயந்திரத்துக்கோ அவை இரண்டு வேறு எழுத்துவரிசைகள். ஒன்றில் முதலெழுத்துகள் உண்டு, மற்றதில் இல்லை. ஒன்றில் இறந்த ஆண்டு உண்டு, மற்றதில் இல்லை. காற்புள்ளி வரைக்கும்தான் இரண்டும் ஒத்துப்போகின்றன.

1967 முதல் 1981 வரை: தள்ளிப்போட்ட கணக்கு

1967இல் ஆங்கிலோ-அமெரிக்க நூற்பட்டியல் விதிகள் முதன்முதலாக வெளியானபோது, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஒரு சமரசத்துக்கு வந்தது. புதிதாக உருவாக்கும் தலைப்புகளுக்கு மட்டும் புதிய விதி, ஏற்கெனவே பட்டியலில் உள்ள பெயர்களுக்குப் பழைய வடிவமே என்பது அந்த ஏற்பாடு. பழையதன் மேல் புதியதை அடுக்குவது என்று இதைச் சொல்லலாம். பல லட்சம் பட்டியல் அட்டைகளைத் திருத்தும் செலவை நினைத்தால் அந்த முடிவு புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் அதன் விளைவாக, ஒரே அட்டைப்பட்டியலில் இரண்டு விதிகளின் தலைப்புகள் பதிமூன்று ஆண்டுகள் கலந்து கிடந்தன.

1978இல் மைக்கேல் கார்மன், பால் விங்க்ளர் ஆகியோரைப் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. இம்முறை அடுக்கும் வேலை தொடராது என்று காங்கிரஸ் நூலகம் அறிவித்தது. ஆராய்ச்சி நூலகங்கள் ஆயத்தமாக வேண்டும் என்பதற்காக நடைமுறைக்கு வரும் நாள் ஓராண்டு தள்ளப்பட்டு 1981 ஜனவரி 2 என்று முடிவானது. காங்கிரஸ் நூலகம் தன் பழைய அட்டைப்பட்டியலை அத்துடன் மூடிவிட்டது.

அன்று பட்டியல் அறைகளில் என்ன நடந்திருக்கும் என்பதை ஒரே எடுத்துக்காட்டில் காணலாம். இயற்பெயரில் அமைந்த ‘கிளெமன்ஸ், சாமுவேல் லாங்ஹார்ன், 1835-1910’ என்ற தலைப்பு, அவருடைய புனைபெயரில் ‘ட்வெய்ன், மார்க், 1835-1910’ ஆனது. அந்த ஆசிரியரின் ஒவ்வொரு நூலுக்கும், அவரைப் பற்றிய ஒவ்வொரு நூலுக்கும் உரிய அட்டைகளை ‘சி’ இழுப்பறையிலிருந்து எடுத்து, தலைப்பை அழித்து மறுபடி தட்டச்சு செய்து, ‘டி’ இழுப்பறையில் சேர்க்க வேண்டும். அதற்கு ஆள் இல்லாத நூலகம் இரண்டு இடங்களிலும் வழிகாட்டி அட்டைகளைச் செருகிவைத்துச் சமாளித்தது. மறுபுறம் ஓசிஎல்சி என்ற கூட்டுப்பட்டியல் நிறுவனம், காங்கிரஸ் நூலகத்தின் அதாரிட்டி கோப்போடு தன் தலைப்புகளைக் கணினியால் ஒப்பிட்டு 1980 இறுதியில் மொத்தமாக மாற்றியது. இயந்திரப் பொருத்தம் இவ்வளவு பெரிய அளவில் சோதிக்கப்பட்ட முதல் தருணங்களில் அது ஒன்று.

ஒரு தலைப்பு அடிக்கடி மாறக் கூடாது, விதியே மாறினாலன்றி அதைத் தொடக் கூடாது என்ற நிலைப்புக் கோட்பாட்டை ரங்கநாதன் வகுத்திருந்தார். அவருடைய நூற்பட்டியல் விதித்தொகுப்பு 1934இலேயே வெளிவந்துவிட்டது. விதி மாறும்போது தலைப்பு மாறலாம் என்று அவர் விட்ட விலக்கின் விலை எவ்வளவு என்பதை 1981தான் காட்டியது.

மாற்றங்கள் ஒரே வகை அல்ல

பழைய தலைப்பு மறைந்து புதியது வருவது போலத் தோன்றினாலும், பொருத்துபவரின் பார்வையில் ஐந்து வேறுபட்ட நிலைகள் உள்ளன. ஒன்றுக்கு ஏற்ற முறை இன்னொன்றில் கேடு செய்யும்.

1. வடிவம் மட்டும் மாறுவது. ‘இந்தியா (குடியரசு)’ என்ற பழைய தலைப்பு இரண்டாம் பதிப்பின் கீழ் ‘இந்தியா’ ஆனது. இதை ஒரு கட்டளையால் எல்லாப் பதிவுகளிலும் மாற்றிவிடலாம்.

2. பெயரே மாறுவது. கிளெமன்ஸ் ட்வெய்ன் ஆனது இவ்வகை. இரண்டு எழுத்துவரிசைகளுக்கும் இடையே ஒற்றுமை எதுவும் இல்லை. அதாரிட்டி பதிவில் பழைய பெயர் ‘காண்க’ குறிப்பாக இருந்தால் மட்டுமே இயந்திரம் அவற்றை இணைக்க முடியும். அந்த ஒற்றை வரியை எழுதாமல் விட்ட நூலகத்தில் பொருத்தம் நடக்காது.

3. ஒன்று இரண்டாகப் பிரிவது. சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஸன் கணித நூல்களைச் சொந்தப் பெயரிலும், புனைகதைகளை லூயிஸ் கரோல் என்ற பெயரிலும் எழுதினார். இரண்டாம் பதிப்பின் 1988 திருத்தம் இத்தகையோரை இரண்டு தனித்த ஆசிரிய அடையாளங்களாகப் பிரிக்க வழி செய்தது. தலைப்பை மட்டும் பார்த்து இந்தப் பிரிவினையைச் செய்ய முடியாது. ஒவ்வொரு நூலையும் பார்த்தே அது எந்தப் பக்கம் போகும் என்று முடிவு செய்ய வேண்டும்.

4. ஒன்றில் பலர் ஒளிந்திருப்பது. பிறந்த ஆண்டோ முழுப்பெயரோ தெரியாத பல ஆசிரியர்களை ஒரே தலைப்பின் கீழ் வைக்கப் பழைய விதி இடம் தந்தது. ‘கணேசன், எம்.’ என்ற தலைப்பின் கீழ் ஒரு பொறியாளரும் ஒரு கவிஞரும் ஒரு கணக்கியல் பேராசிரியரும் இருக்கலாம். முதலெழுத்தும் சொந்தப் பெயருமாக எழுதும் தமிழ் வழக்கத்தில் இந்தக் கூட்டம் மற்ற மொழிகளைவிட எளிதில் சேர்ந்துவிடுகிறது.

5. இணைக்கவே கூடாதது. 1969 ஜனவரி 14 அன்று சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது. அதற்கு முன் அரசு வெளியிட்ட அறிக்கைகள் பழைய பெயரின் கீழேயே இருக்க வேண்டும், பிந்தையவை புதிய பெயரின் கீழ் வர வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று சுட்ட வேண்டும் என்பது விதி. இங்கே மாறியது பட்டியல் விதி அல்ல, அரசின் பெயர். ‘இரண்டும் ஒன்றுதானே’ என்று ஆர்வத்தில் இவற்றைக் கலந்துவிட்டால், எந்தப் பெயரில் இயங்கிய அரசு எதை வெளியிட்டது என்ற வரலாறு அழிந்துபோகும்.

இயந்திரம் எப்படி ஒப்பிடுகிறது?

இரண்டு தலைப்புகள் ஒன்றா என்று பார்க்கும் முன் கணினி அவற்றை ஒரு சமநிலைக்குக் கொண்டுவருகிறது. அதாரிட்டி பதிவுகளைக் கூட்டாக உருவாக்கும் நாக்கோ திட்டத்தில் இதற்கென வகுத்த முறை உண்டு. எழுத்துகள் எல்லாம் பெரிய எழுத்தாக்கப்படுகின்றன, ஒலிக்குறிகள் நீக்கப்படுகின்றன, நிறுத்தற்குறிகள் இடைவெளியாக மாற்றப்படுகின்றன அல்லது விடப்படுகின்றன. பெயர்ப்பகுதியில் வரும் முதல் காற்புள்ளி மட்டும் விட்டுவைக்கப்படுகிறது. ‘தாமஸ், ஜான்’ என்பவரும் ‘தாமஸ் ஜான்’ என்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம் என்பதே காரணம். அந்த ஒரு புள்ளியில்தான் குடும்பப்பெயர் எது என்ற செய்தி இருக்கிறது.

ஐரோப்பிய மொழிகளுக்கு இம்முறை பெரும்பாலும் பொருந்துகிறது. தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது அது ஆழமாகவே தடுமாறுகிறது. நூலகங்கள் பயன்படுத்தும் ரோமன் எழுத்துமுறையில் ந, ண, ன மூன்றையும் பிரித்துக் காட்டுவது எழுத்தின் கீழே இடும் புள்ளியும் கோடும்தான். ல, ள, ழ ஆகியவற்றுக்கும் அப்படியே. குறில் நெடில் வேறுபாட்டைக் காட்டுவது மேலே இடும் கோடு. ஒப்பிடும் முன் இவையெல்லாம் களையப்படுகின்றன. கண்ணனும் கன்னனும் (கர்ணனும்) அந்த நொடியில் ஒரே எழுத்துவரிசையாகிவிடுகிறார்கள். ஒருவன் தேரோட்டியவன், மற்றவன் அவனுக்கு எதிரணியில் நின்றவன் என்பது கணினிக்குத் தெரியாது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. அதே எழுத்துமுறையில் சகரம் எங்கே வந்தாலும் ரோமன் ‘சி’ எழுத்தாலேயே குறிக்கப்படும். ஆங்கில நூலின் முகப்பில் சுப்பிரமணிய என்பது ‘எஸ்’ எழுத்தில் தொடங்கும். தமிழ் நூலின் முகப்பிலிருந்து எழுத்துப்பெயர்த்தால் அதுவே ‘சி’ எழுத்தில் தொடங்கும். ரோமன் வரிசையில் ஒன்று மூன்றாம் எழுத்து, மற்றது பத்தொன்பதாம் எழுத்து. ஒரே ஆசிரியர் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தால் அவருடைய இரண்டு வடிவங்களையும் எந்தச் சமநிலைப்படுத்தலும் சேர்க்காது. இருவேறு ஆட்களை ஒன்றாகவும் ஒரே ஆளை இருவராகவும் காட்டும் இந்த முறையை, தமிழ் நூல்கள் மிகுந்த பட்டியலில் மனிதச் சரிபார்ப்பு இல்லாமல் ஓடவிடுவது ஆபத்து என்றே சொல்ல வேண்டும்.

2012, 2013: இரண்டாவது பெருமாற்றம்

இரண்டாம் பதிப்புக்கு மாற்றாக 2010இல் வெளியான ஆர்டிஏ என்ற விதித்தொகுப்பைக் காங்கிரஸ் நூலகம் 2013 மார்ச் 31 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இம்முறை பெயர்த் தேர்வில் புரட்சி எதுவும் இல்லை. சுருக்கங்களை விரித்தெழுதுவது முதலிய சிறு மாற்றங்களே மிகுதி. துறை என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் முழுச்சொல்லானது. ஏறத்தாழ என்பதைக் குறித்த லத்தீன் சுருக்கம் ஆங்கிலச் சொல்லானது. பைபிளின் தனி நூல்களுக்குரிய தலைப்பில் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்ற இடைச்சொல் நீங்கியது. கோப்பில் இருந்த பெயர்களில் மிகப் பெரும்பகுதி எந்த மாற்றமும் இல்லாமல் புதிய விதிக்கும் பொருந்தியது.

முந்தைய அனுபவத்திலிருந்து பாடம் கற்றதற்கான அடையாளம் இந்த மாற்றத்தைச் செய்த முறையில் தெரிகிறது. வேலை கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. 2012 கோடையில் நடந்த முதல் கட்டத்தில் ஒரு தலைப்பும் மாற்றப்படவில்லை. இயந்திரத்தால் முடிவு செய்ய முடியாத 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளில், சரிபார்த்துத் திருத்தும்வரை இத்தலைப்பைப் புதிய விதியின் கீழ் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கைக் குறிப்பு மட்டும் சேர்க்கப்பட்டது. 2013 மார்ச்சில் நடந்த இரண்டாம் கட்டத்தில், ஐயத்துக்கு இடமில்லாத மாற்றங்கள் 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளில் இயந்திரத்தால் செய்யப்பட்டன. தெரிந்ததை மாற்று, தெரியாததை மாற்றாமல் அடையாளமிட்டு வை என்ற இந்த ஒழுங்கு போற்றத்தக்கது. 1967இன் சமரசத்திலும் பழைய தலைப்புகள் மாறாமல்தான் இருந்தன. எது பழையது என்று படிப்பவருக்குச் சொல்லும் குறிப்பு மட்டும் அங்கே இல்லை.

மையக் கோப்பு மாறியவுடன் எல்லா நூலகங்களும் மாறிவிடவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு நூலகமும் தன் நூற்பதிவுகளில் உள்ள எழுத்துவரிசைகளைத் தானே மாற்றிக்கொள்ள வேண்டும். பணம் உள்ளவை அதற்கென உள்ள நிறுவனங்களுக்குக் கோப்பை அனுப்பித் திருத்தி வாங்கின. மற்ற நூலகங்களில் புதிதாக வரும் பதிவுகள் புதிய வடிவத்திலும் பழையவை பழைய வடிவத்திலும் தங்கின. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இரட்டைப் பெயர்களில் ஒரு பங்கு இப்படி வந்தது.

தவறான சேர்க்கை, விடுபட்ட சேர்க்கை

பொருத்தத்தில் இரண்டு வகைத் தவறுகள் நேரலாம். ஒரே ஆளின் இரண்டு தலைப்புகளைச் சேர்க்காமல் விடுவது ஒன்று. இரு வேறு ஆட்களைச் சேர்த்துவிடுவது மற்றொன்று. இவை சம எடை உள்ளவை அல்ல.

சேர்க்காமல் விட்டால் வாசகர் சில நூல்களைத் தவறவிடுகிறார். அது இழப்புதான். ஆனால் இரண்டு பதிவுகளும் அவற்றின் ஆதாரக் குறிப்புகளும் அப்படியே இருக்கின்றன. நாளை எவரேனும் கண்டு சேர்த்துவிடலாம். தவறாகச் சேர்த்தால், இருபது நூல்களில் எவை முதலாமவருடையவை, எவை இரண்டாமவருடையவை என்று காட்டிய ஒரே அடையாளமான பழைய தலைப்பே அழிக்கப்படுகிறது. மறுபடி பிரிக்க நூல்களைக் கையில் எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கிடங்கில் அந்த நூல் சிதைந்துபோயிருந்தால் அந்த வழியும் இல்லை. ஆகவே ஐயம் வந்தால் சேர்க்காமல் விடுவதே சரி.

ஐயத்தைத் தீர்க்கப் பெயருக்கு வெளியே உள்ள சான்றுகள் உதவுகின்றன. பல நாட்டுத் தேசிய நூலகங்களின் கோப்புகளை இணைக்கும் வையாஃப் இதைத்தான் செய்கிறது. காங்கிரஸ் நூலகம், ஜெர்மன் தேசிய நூலகம், ஓசிஎல்சி மூன்றும் 2003இல் தொடங்கிய அம்முயற்சியில், பெயரும் ஆண்டும் மட்டுமின்றி நூல்தலைப்பு, உடன் எழுதியவர் முதலிய செய்திகளும் நூற்பதிவுகளிலிருந்து திரட்டப்பட்டு ஒப்பிடப்படுகின்றன. இரண்டு கோப்புகளிலும் ஒரே பெயரின் கீழ் ஒரே நூல் இருந்தால் அது வலுவான சான்று.

எழுத்துவரிசையிலிருந்து எண்ணுக்கு

நூற்பதிவு ஆசிரியரை எழுத்துகளால் சுட்டாமல் அதாரிட்டி பதிவின் எண்ணால் சுட்டினால், விதி மாறும்போது ஒரே ஓர் இடத்தில் திருத்தினால் போதும். ஜெர்மன் மொழி நூலகங்கள் இவ்வாறே இயங்குகின்றன. தனித்தனியாக இருந்த பெயர், நிறுவனம், பொருள் கோப்புகளை 2012இல் ஒன்றாக்கி அவை உருவாக்கிய பொதுக் கோப்பில் தலைப்பு மாறினால், இணைந்த பதிவுகள் எல்லாம் தாமே புதிய வடிவத்தைக் காட்டும். படைப்பாளர்களை அடையாளம் காட்டும், 16 இலக்கங்கள் கொண்ட ஐஎஸ்என்ஐ என்ற பன்னாட்டு எண்ணும் இதே எண்ணத்தில் பிறந்தது.

ஆனால் எண் எதிர்கால மாற்றங்களைத்தான் எளிதாக்கும். பழைய நூற்பதிவுக்கு எந்த எண்ணைக் கொடுப்பது என்ற கேள்வியில், பொருத்தும் வேலை முழுவதும் ஒருமுறை செய்தே ஆக வேண்டியிருக்கிறது. அதற்குச் சான்று வேண்டும். தமிழைப் பொறுத்தவரை அந்தச் சான்று தமிழ் எழுத்தில்தான் இருக்கிறது. 2008இல் காங்கிரஸ் நூலகத்தின் கூட்டுக் கோப்பில் ரோமன் அல்லாத எழுத்து வடிவங்களை முதன்முதலாகத் திரளாகச் சேர்த்தபோது அரபு, சீனம், ஜப்பானியம், கொரியன், ஹீப்ரு, சிரிலிக், கிரேக்கம் ஆகியவை இடம்பெற்றன. அன்று நூலகக் கணினிகள் பயன்படுத்திய எழுத்துத் தொகுதியில் இல்லாத தமிழ் இடம்பெறவில்லை. முகப்புப் பக்கத்தில் ‘சு.’ என்று அச்சாகியிருப்பதை அப்படியே தமிழில் ஆதாரக் குறிப்பில் எழுதி, எந்த நூலில், எந்த ஆண்டுப் பதிப்பில் அது கண்டது என்றும் சேர்த்துவிட்டால், ‘எஸ்’ வடிவத்தையும் ‘சி’ வடிவத்தையும் ஒருவருக்கே உரியவை என்று காட்ட அடுத்த பட்டியலாக்குநருக்கு அந்த ஒரு வரி போதும். பதிவை உருவாக்கும்போது, நூல் கையில் இருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் அதை எழுத முடியும்.